முகத்துவாரப் பாடு

பொன்னாங்குப்பத்தில் வரதனுக்குப் பட்டப்பெயர் சிலிகா. ரேஷன் கடை வரிசையில் போய் நின்றால், "சிலிகாவுக்கு வழி விடுங்கப்பா" என்பார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால், "சிலிகாவுல டீ இன்னா வெல நைனா?" என்று எவனாவது வாயைக் கிளறுவான். வரதன் கோபித்துக்கொள்வதில்லை. கேட்டவன் கிண்டலுக்குக் கேட்டானா, தெரிந்துகொள்ளக் கேட்டானா என்றும் பார்ப்பதில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவான்.

ஒரிசாவில் சிலிகா என்று ஓர் ஏரி. நம் பழவேற்காடு ஏரி மாதிரிதான், இதைவிடப் பெரியது. அதன் முகத்துவாரமும் இப்படித்தான் மணல் விழுந்து தூர்ந்துபோனது. கடல்நீர் உள்ளே வராமல் மீன் அற்றுப்போய், ஜனங்கள் பிழைக்க வழியின்றி ஊர் ஊராகப் போனார்கள். பிறகு அரசாங்கம் வேறோர் இடத்தில் மணலை வெட்டிப் புதிதாக ஒரு வாயைத் திறந்துவிட்டது. கடல் வந்தது. கூடவே மீன், இறால், நண்டு எல்லாம் வந்தன. "கடல் வூட்டுக்கு வந்த மாதிரி வந்துச்சாம். அங்க இருக்கிற போட்டுக்காரன் சொன்னான். பாத்தவன் நான் சொல்றேன், நம்ம வாயும் தொறக்கும்" என்று முடிப்பான்.

சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று ஏரிக்கரை ஊர்களிலிருந்து பத்துப் பேரைச் சிலிகாவுக்குக் கூட்டிக்கொண்டு போனது. பத்தில் ஒருத்தி வரதனின் மனைவி செவ்வந்தி. போனவர்களில் பெண் அவள் ஒருத்திதான். அவளை யாரும் சிலிகா என்று கூப்பிட்டதில்லை.

இந்தப் பங்குனியில் முகத்துவாரம் அடைபட்டு இரண்டு மாதமாகிவிட்டது. மழைக்காலத்தில் வெள்ளம் முட்டித் திறக்கும், தை பிறந்தால் மணல் மூடும். முன்பெல்லாம் மூடினால் சுற்று வட்டாரத்து ஊர்கள் சேர்ந்து மண்வெட்டியோடு போய் வெட்டிவிடுவார்கள். இப்போது விழும் மணலுக்கு மண்வெட்டி காணாது, வெள்ளம் திறந்துவிடும் வாயும் இறால் ஏறுமுன் தூர்ந்துவிடுகிறது. அதிகாரிகள் வந்து அளந்தார்கள், போனார்கள், வேறு அதிகாரிகள் வந்து மறுபடி அளந்தார்கள். ஏரி ஓரங்களில் வற்றி, சேறு வெடித்து உப்புப் பூத்திருந்தது. செவ்வந்தி ஏரிக்கரையில் குடியிருந்துகொண்டு, காசிமேட்டிலிருந்து வரும் ஐஸ் மீனை வாங்கி மீஞ்சூரில் தெருத்தெருவாக விற்றுக்கொண்டிருந்தாள். "ஏரி மீனா?" என்று கேட்கிறவர்களிடம் பொய் சொல்லக் கூச்சமாக இருக்கும். "மீன் மீன்தான்மா, எடுத்துப் பாரு" என்பாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தபோது வரதன் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாகத் தண்ணீரையே அதிகம் பார்க்காத வலை. எலி கடித்த கிழிசல்.

"இன்னாய்யா, சுபா போன் பண்ணா" என்றாள்.

சுபஸ்ரீ அவர்களுடைய ஒரே மகள். மீஞ்சூரில் குடியிருக்கிறாள். அவள் புருஷன் பிரவீன் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான்.

"இன்னாவாம்?"

"பிரவீன் கம்பெனி கேண்டீன்ல ஆள் எடுக்கறாங்களாம். எனக்குக் காய் நறுக்கற வேல. ஒனக்கு கேட்ல ஒக்காந்துகினு வர்ற லாரி நம்பர எழுதணும்."

"நான் எழுதினா லாரி வேற ஊருக்குப் போயிடும்."

"சிரிக்காத. அவங்க தெருவுலயே ரூமு பாத்து வச்சிருக்கா. நம்ம ரெண்டு பேருக்கும். திங்கக்கெழம சொல்லியாகணுமாம், இல்லன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க."

வரதன் ஊசியை நிறுத்தினான். "ஞாயித்துக்கெழம சீட்டுமே."

"அதுக்குத்தான் இப்பவே சொல்றேன்."

"அடுப்பத் தூக்கிகினு மீஞ்சூருக்குப் போயிட்டா நம்ம பாடு?"

ஏரியில் இறால் ஓடும் தடங்களை ஊர் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு பாடு. யார் எந்தப் பாட்டில் கழி நட்டு வலை கட்டுவது என்பதை வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் கோயில் வாசலில் சீட்டெடுத்து முடிவு செய்வார்கள். சீட்டு ஆளுக்கு இல்லை, அடுப்புக்கு. கல்யாணமாகித் தனி அடுப்பு மூட்டியவனுக்கே பங்கு. அந்த அடுப்பு ஊருக்குள் எரிய வேண்டும். ஆகவே சீட்டு போட்ட பானையில் கை விடுமுன் அவனை எதுவும் கேட்பதில்லை. அவன் மனைவியைக் கேட்பார்கள், "அடுப்பு எரியுதா?" என்று. "எரியுது" என்று அவள் சொன்னால்தான் அவன் சீட்டெடுக்கலாம். அம்மன் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டு வருஷத்துக்குள் ஊரைவிட்டுப் போனால் பங்கு ஒரேயடியாகப் போய்விடும். "எரியல" என்று சொன்னாலும் பங்கு போய்விடும், ஆனால் பழி இல்லை. எடுத்த சீட்டு பிடிக்கவில்லையென்றால், அப்போது ஏற்றும் கற்பூரம் அணைவதற்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த ஒரு வருஷம் அவன் எங்கே வேண்டுமானாலும் போய் இருந்துவிட்டு வரலாம், பங்கு காத்திருக்கும். பொன்னாங்குப்பத்தில் பெண்கள் வாய் திறக்க இடமுள்ள ஒரே கூட்டம் அது. "அதுலயும் ஒத்த வார்த்தைக்குத்தான்டி எடம்" என்பாள் பக்கத்து வீட்டு வசந்தா.

"பாட்டுல இன்னா கீது இப்ப?" என்றாள் செவ்வந்தி. "போன வருஷம் ஒன் பாட்டுல கெடச்ச எறா ஒரு கொழம்புக்குக் காணல. எனக்கு மொழங்கால் போச்சு. பஸ்ஸு ஏற முடியல. ரெண்டு பேரும் போயிடலாம்யா."

"நீ வேணா போயேன். நான் இங்க கஞ்சி காச்சிக்கறேன்."

"நீ இல்லாம நான் அங்க போயி இன்னா செய்யறது? போனா ரெண்டு பேரும்தான்."

அவன் கிழிசலில் மறுபடி ஊசியைக் கோத்தான். பிறகு அவள் எதிர்பார்த்தது வந்தது.

"சிலிகாவுல இன்னா ஆச்சு? ஊர விட்டுப் போனவனெல்லாம் வாய் தொறந்ததும் ஓடியாந்தான். எடம் இல்ல. இருந்தவனுக்குத்தான் பங்கு, போனவன் வெளியாளாயிட்டான். அந்தப் போட்டுக்காரன் சொன்னானே, மறந்துட்டியா?"

"மறக்கல" என்றாள் செவ்வந்தி.

அவளால் மறக்க முடியாது. தன் வாழ்க்கையில் நன்றாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால், அவளுக்குச் சொல்ல அந்தச் சில நாட்கள்தான் உண்டு.

பொன்னேரி ரயில் நிலையத்தில் மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கும்போது, நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயில்களை அவள் பார்த்திருக்கிறாள். தூரத்தில் ஊதும்போதே பெண்கள் முந்தானையால் கூடையையும் முகத்தையும் மூடிக்கொள்வார்கள். புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும். சிலிகாவுக்கு அப்படியொரு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் போனாள். பொன்னேரி வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது. கூடையோடு நாலைந்து பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வதை மட்டும் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு அழுகையும். வரதன் பதறிப்போய், "இன்னாமே, எறங்கிடலாமா?" என்றான். நிற்காத ரயிலில் இறங்குவதாம்.

கூடூரில் வடை வாங்கிக் கொடுத்தான். கோதாவரி வந்தபோது தூங்கிக்கொண்டிருந்தவளைத் தட்டி எழுப்பினான். பாலம் முடிவேனா என்று போய்க்கொண்டிருந்தது. சாயங்கால வெயிலில் ஆறு முழுக்கச் செம்பாக இருந்தது. "இவ்ளோ தண்ணி வீணாக் கெடக்குது பாரு" என்றான். மேல் படுக்கை அவனுக்கு. எத்தனை பெரிய அலையிலும் படகின் முன்முனை அணியத்தில் நின்றுகொண்டு போகிறவன், அந்தச் சின்ன ஏணியைப் பார்த்து மிரண்டுவிட்டான். "மேல ஏறிப் படுத்தா உருண்டுடுவேன்" என்று அவள் கால்மாட்டிலேயே உட்கார்ந்துகொண்டான். விடிந்து கண் விழித்தபோது அவள் பாதங்கள் அவன் மடியில் இருந்தன. சேலை ஓரத்தை இழுத்து மூடிவிட்டு, எழுந்துவிடுவாளோ என்று அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

புவனேஸ்வரத்தில் இறங்கி அங்கிருந்து பஸ்ஸில் ஏரிக்கரைக்குப் போனார்கள். இந்தி பேசத் தெரிந்தவர் என்று நிறுவனம் அனுப்பியிருந்த ஆளுக்குக் காய்ச்சல் வந்து விடுதியிலேயே படுத்துவிட்டார். படகோட்டி பேசுவது யாருக்கும் புரியவில்லை. செவ்வந்திக்கு மட்டும் அங்கங்கே ஒரு சொல் பிடிபட்டது. அவள் பிறந்தது ஆந்திர எல்லையை ஒட்டிய சுண்ணாம்புக்குளம். அவன் பேசியது ஒருவிதமான தெலுங்கு. அந்தக் கரையில் எந்தக் காலத்திலோ போய்க் குடியேறிய தெலுங்கு மீனவர்களில் ஒருவன். அவள் தன் ஊர்த் தெலுங்கில் ஒன்று கேட்டாள். அவன் வாயெல்லாம் பல்லாகி, துடுப்பையே விட்டுவிட்டான்.

அந்த இரண்டு நாளும் ஒன்பது ஆண்பிள்ளைகள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரதன் அவள் பக்கத்தில் முட்டி உரச உட்கார்ந்து, அவள் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தான். "இன்னா சொல்றான்? இன்னாமே சொல்றான்?" முகத்தைச் சற்றே தூக்கி, புருவம் உயர்த்தி, அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருப்பான். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் எதையும் கேட்டுக் காத்திருந்ததில்லை. புது வாய் திறந்த நாளைப் பற்றிப் படகோட்டி அதிகம் சொல்லவில்லை. தண்ணீர் வந்தது, வாயில் ஊற்றிப் பார்த்தோம், உப்பாக இருந்தது, அவ்வளவுதான் சொன்னான். அதை அப்படியே சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அத்தனை பேர் பார்க்கிறார்கள், வரதன் புருவத்தை உயர்த்திக்கொண்டிருக்கிறான். "கடல் வூட்டுக்கு வந்த மாதிரி வந்துச்சாம்" என்றாள்.

அப்போது பக்கத்தில் மூக்கு மழுங்கிய ஓங்கல் ஒன்று, டால்பின் ஜாதி, எழும்பி மூச்சுவிட்டு முங்கியது. வரதன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். கரை வரும்வரை விடவில்லை. ஊரில் அவளோடு சேர்ந்து நடந்தே வராதவன்.

திரும்பி வந்து கொஞ்ச நாள் வீட்டில் இதே பேச்சாக இருந்தது. அவன் ஒன்று சொல்வான், அவள் திருத்துவாள். பிறகு அவன் டீக்கடையில் சொல்ல ஆரம்பித்தான். வீட்டில் சொல்வது குறைந்தது. வருஷங்கள் போகப் போக, அவள் வேறு ஏதாவது கேட்டால் பதிலாக மட்டும் சிலிகா வந்தது. கூரை மாற்ற வேண்டும் என்றால் சிலிகா. படகை விற்றுவிடலாம் என்றால் சிலிகா. தனியாக இருக்கும்போது அந்த நாட்களை எடுத்துப் பார்க்கக்கூட அவளுக்கு இப்போது பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மன் கோயில் வாசலில் பந்தல் போட்டு, ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். ஊர் நிர்வாகி மாணிக்கம் மண்பானைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். ஊரை விட்டுப் போனவர்களின் பெயரையும் முறைக்குக் கூப்பிட்டார். பதில் வராது. அடுத்த பெயருக்குப் போவார்.

"போன வருஷம் எங்க வூட்டுக்காரருக்குச் சேத்துப் பாடு" என்று வசந்தா காதோடு சொன்னாள். "எறா வரலடி. சேறு மட்டும் வஞ்சனயில்லாம வந்துச்சு. வருஷம் பூரா லுங்கி தொவச்சே என் கை போச்சு."

"இளவழகன்!" என்றார் மாணிக்கம். "தேவகி, அடுப்பு எரியுதா?"

தேவகி சின்னப் பெண். கல்யாணமாகி நாலைந்து வருஷம்தான் இருக்கும். "எரியல மாமா" என்றாள். சில்லறை இல்லை என்று சொல்வதுபோல் அவ்வளவு லேசாகச் சொன்னாள். இளவழகன் செருப்பை மாட்டிக்கொண்டான். இருவரும் சேர்ந்தே தெருவில் இறங்கிப் போனார்கள். எண்ணூர்ப் பக்கம் வீடு பார்த்துவிட்டார்களாம். செவ்வந்தி அவர்கள் தெரு முனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தச் சொல்லோடுதான் வந்திருந்தாள். பங்கு இல்லையென்று ஆகிவிட்டால் அவனுக்கு இங்கே இருக்க என்ன காரணம்? கோபிப்பான். நாலு நாள் சாப்பிடமாட்டான். அப்புறம் வந்துவிடுவான். வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

"வரதன்!"

"சிலிகான்னு கூப்புடுங்க, அப்பதான் திரும்பும்" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. வரதனும் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். அன்றைக்கென்று சலவைச் சட்டை போட்டிருந்தான்.

"செவ்வந்தி, அடுப்பு எரியுதா?"

வரதன் அவள் பக்கம் திரும்பினான். முகத்தைச் சற்றே தூக்கி, புருவத்தை உயர்த்தி, அவள் வாயைப் பார்த்தான். அத்தனை பேருக்கு நடுவில், அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தான். இவ்வளவு வருஷம் கழித்து அந்த முகம் அவளுக்கு மறுபடி கிடைத்தது. அவனுக்கும் நினைவிருக்கிறது என்று அவள் நினைத்தாள். இருக்கும், ஆண்பிள்ளை, சொல்லத் தெரியாமல் ஏரி, வாய், மணல் என்று வேறெதையோ சொல்லிக்கொண்டிருக்கிறான்.

"எரியுது" என்றாள்.

சொன்ன பிறகு தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எப்படியும் ஒன்றுக்கும் உதவாத பாடுதான் வரும். எல்லாப் பாடும் அப்படித்தான் கிடக்கின்றன. வந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லலாம். ஒரு வருஷம் மீஞ்சூரில் இருந்துவிட்டால் அப்புறம் பழகிவிடும்.

வரதன் எடுத்துக் கொடுத்த சீட்டை மாணிக்கம் பிரித்தார். படிக்கத் தயங்கினார். பிறகு, "முகத்துவாரப் பாடு" என்றார்.

ஒரு காலத்தில் அந்தப் பெயர் விழுந்தால் எடுத்தவனைத் தோளில் தூக்கிக்கொள்வார்கள். கடலிலிருந்து ஏறும் இறால் முதலில் முட்டும் இடம் அதுதான். இப்போது அங்கே தண்ணீரே இல்லை. மணல்திட்டு. வெயில் தாழ்ந்தால் மாடுகள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"வரதா, வலைய வுட்டுட்டு மூக்கணாங்கயிறு எடுத்துகினு போ" என்றான் ஒருவன். பந்தலே ஆடும்படி சிரித்தார்கள். வசந்தாகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் எரியும் கற்பூரத்தைக் காட்டினார். "திருப்பிக் குடுத்துடு வரதா. ஒரு வருஷம் பொண்ணு வூட்டுல போயி இரு. அம்மன் ஒண்ணும் கோச்சுக்க மாட்டா."

"இதயா திருப்பிக் குடுக்கச் சொல்ற?" வரதனின் முகம் மின்னியது. சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எங்க நைனா சாகறவரைக்கும் எடுத்தாரு, ஒரு வாட்டி கூட இது வரல."

செவ்வந்தி பெண்கள் வரிசையை விட்டு அவனருகே வந்தாள். அப்படி வருவது வழக்கமில்லை. "குடுத்துடுய்யா" என்றாள் மெதுவாக.

"இன்னாமே, நீ போயி சொல்ற? ஊருக்குத்தான் தெரியாது. நீயும் பாத்தவதானே?"

கற்பூரம் அணைந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை வெயில் ஏறுமுன் இருவரும் படகில் கழிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பாடு எடுத்தவன் மறுநாளே முதல் கழி நட வேண்டும், மனைவி பிடித்துக்கொள்ள வேண்டும். படகு மிதக்கும் தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது. மீதி தூரம் கழிகளை இரண்டிரண்டாக இழுத்துக்கொண்டு சேற்றிலும் பிறகு மணலிலும் நடந்தார்கள். செவ்வந்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு பலமுறை நின்றாள்.

திட்டுக்கு அந்தப் பக்கம் கடல் அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஏரி தட்டில் ஊற்றிவைத்ததுபோல் கிடந்தது. நடுவில் அகலமாக மணல். காய்ந்த பாசி, பிளாஸ்டிக் பாட்டில்கள், சாணி. வரதன் கண்ணை இடுக்கி இங்கும் அங்கும் நடந்து பார்த்து, குதிகாலால் ஒரு கோடு கிழித்தான். "இப்டித்தான் வரும்" என்றான். முதல் கழியை அவள் பிடித்துக்கொள்ள, அவன் கட்டையால் அடித்தான். மேல் மணல் பொலபொலவென்று சரிந்தது. அடியில் இறுகிக் கிடந்தது. கழி இறங்க மறுத்தது.

"தொறக்கறப்ப நாம இங்கதான் நிப்போம்மே" என்றான் மூச்சு வாங்கியபடி. "அந்தப் போட்டுக்காரன் சொன்ன மாதிரி. கடல் வூட்டுக்கு வந்த மாதிரின்னு சொன்னான் பாரு, இன்னா சொல்லு அது! எனக்கு இப்ப நெனச்சாலும் ஒடம்பு சிலுக்குது."

"அவன் சொன்னானா?"

"பின்ன?"

"எந்த பாஷையில சொன்னான்?"

கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு யோசித்தான். "எந்த பாஷைனா? தமிழ்லதான்."

"ஒரிசாவுல இருக்கறவன் தமிழ் பேசினானா?"

"கொஞ்சம் கொஞ்சம் தெரியும் போலக்கீது. எனக்குத் தெளிவாப் புரிஞ்சுதே. அவன் கொரலு இன்னும் காதுல கீது."

செவ்வந்தி கழியைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டாள். "நான் எங்க இருந்தேன் அப்ப?"

"நீ அந்த இன்னொரு போட்டுல, பொம்பளைங்களோட இருந்தல்ல?"

"வேற எந்தப் பொம்பளய்யா வந்தா?"

அவன் விரலை மடக்கிப் போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். அவனுக்கே குழப்பமாக இருந்தது தெரிந்தது. "ஒருத்தரும் வரல, இல்ல?" என்றான். "அப்ப எங்க போட்டுலதான் இருந்திருப்ப. வேற எங்க போயிருக்கப் போற?"

"நெனப்பு இல்லையா?"

"தண்ணி நல்லா நெனப்பு கீதுமே. அந்த வாய் எவ்ளோ அகலம், எந்தப் பக்கம் மண்ணத் தள்ளியிருந்தான், ரெண்டு தண்ணியும் சேர்ற எடத்துல நெறம் எப்டி மாறுச்சு, எல்லாம் அப்டியே கீது. ஒன் மொகம் வரல." கொஞ்சம் பொறுத்து, உதவி செய்கிற குரலில் கேட்டான். "இருந்தன்னு சொன்னா ஒனக்கு நல்லா இருக்குமா? சொல்லிடறேன்."

"வேணாம்" என்றாள்.

நேற்றுப் பந்தலில் அவன் திரும்பிப் பார்த்தது அவளுக்கு இப்போது புரிந்தது. அவன் பார்த்தது பங்கு கிடைக்குமா என்றுதான். வேறு எதையும் அதில் அவள்தான் போட்டுப் பார்த்துக்கொண்டாள். ரயிலும் வடையும் மடியில் கிடந்த காலும் அவனிடம் உண்டா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. அந்தச் சொல் தன்னுடையது, படகோட்டி உப்பு என்று மட்டும்தான் சொன்னான் என்றும் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டான். நம்பிவிட்டால், இந்த மணலில் நின்று அவன் என்ன செய்வான் என்று அவளால் யோசிக்க முடியவில்லை.

இடுப்பில் போன் அடித்தது. ஊரில் சரியாகக் கிடைக்காத சிக்னல் அந்தத் திட்டில் நன்றாகக் கிடைத்தது.

"அம்மா, இன்னா முடிவு பண்ணீங்க?" சுபஸ்ரீ பஸ்ஸிலிருந்து கத்தினாள். "சூப்பர்வைசர் பத்து மணிக்குக் கேப்பாரு. நைனா இன்னா சொல்லுது?"

"வேற ஆளப் போட்டுக்கச் சொல்லுடி."

"அய்யோ, நைனா ஒத்துக்கலையா? போன நைனாகிட்ட குடு, நான் பேசறேன்."

"நைனாவால இல்ல. நான்தான் அடுப்பு எரியுதுன்னு சொல்லிட்டேன்."

"நீயா? இன்னாத்துக்கும்மா? நீதானே போயிடலாம் போயிடலாம்னு..."

"சொல்லிட்டேன்டி. அம்மன் முன்னால சொல்லியாச்சு. இன்னும் ஒரு வருஷத்துக்கு ஒண்ணும் கேக்காத."

"ஒரு வருஷம் கழிச்சு இந்த வேல இருக்குமா? அந்த ரூமு இருக்குமா?"

"இருக்காது" என்றாள் செவ்வந்தி.

பிறகு சுபஸ்ரீ, "சாப்டியாம்மா?" என்றாள்.

"போயித்தான் ஆக்கணும்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். அவள் விட்டதும் முதல் கழி சாய்ந்துவிட்டிருந்தது. வரதன் அதை நிமிர்த்தி வைத்து, அடியில் மணலைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தான். யாருடைய போன் என்று அவன் கேட்கவில்லை. மாடுகள் இரண்டு சற்றுத் தள்ளி நின்று பார்த்தன.

"இன்னும் ரெண்டு அடி போட்டா நின்னுக்கும்" என்றான். "நீ நல்லாப் புடி."

அவள் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அவன் அடித்தான். கழி இறங்கவில்லை. மறுபடி அடித்தான்.